குறி தவறியது

தம்பி அவர்களுக்கு,

உங்கள் அண்ணனின் மனைவி எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம் என்று வழக்கப்படி தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். நீங்கள் நலமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

கவர் மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து, இதுவும் நீங்கள் இருவரும் தபாலில் ஆடும் பலகை ஆட்டத்தின் கடிதம் என்றுதான் பிரித்திருப்பீர்கள். கையெழுத்து அதேதான். பதினான்கு மாதமாக உங்களுக்கு வந்த கடிதங்களை எழுதியது நான். உங்கள் அண்ணன் 'ழ' போட்டால் அதன் வாலை அடுத்த எழுத்துவரைக்கும் இழுத்துவிடுவார் இல்லையா, அதைக்கூடப் பழகிக்கொண்டேன். உங்களுக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை. வந்திருந்தாலும் நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

சென்ற கடிதத்தில் நகர்வுகளுக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அடுத்த மாதம் சுரங்கத்தில் மூன்று வாரம் லீவு, கடைசிச் சுற்றை நேரில் வந்து ஆடட்டுமா அண்ணா என்று. ஆறு வருடத்தில் ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத முதல் வரி அது. அதற்கு மட்டும் அவருடைய கையெழுத்தில் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை.

வர வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அவருக்கு மறதி நோய். ஐம்பத்திரண்டு வயதில் வருமா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டேன். அபூர்வமாக வரும் என்றார் டாக்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேலையிடத்தில்தான் முதலில் தெரிந்தது. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைக் கழற்றிச் சரிபார்த்துவிட்டு, பிரேக் போல்ட்டை இறுக்காமலேயே கீழே வந்து கை கழுவியிருக்கிறார். கூட வேலை பார்க்கும் ஃபிட்டர் எதற்கோ மறுபடி மேலே போனவர் பார்த்திருக்கிறார். அன்று மாலை வீட்டுக்கு வந்து, உட்காரச் சொன்னாலும் உட்காராமல், "அக்கா, நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா இனிமே அவரை அனுப்பாதீங்க. இன்னிக்கு நான் மேல போனேன். நாளைக்குப் போவேனான்னு தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தாறு வருடம் ஊரையே ஏற்றி இறக்கிய மனிதர் அடுத்த வாரத்திலிருந்து வீட்டில் உட்கார்ந்தார்.

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வட்டத்தை அழகாகப் போட்டுவிட்டு, பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அடைத்துவிட்டார். பார்த்துவிட்டு அவரே சிரித்தார். "ஓவர்லோடு ஆயிடுச்சு டாக்டர், நாலு பேரை இறங்கச் சொல்லுங்க" என்றார். டாக்டரும் சிரித்தார். நான் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்கே தெரியும், நான் அந்தப் பலகைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. நம் வீட்டில் அது நடந்து ஒரு வருடம் கழித்து உங்கள் பார்சல் வந்தது. உள்ளே நான்கு இயந்திரப் பூத பொம்மைகள், கூடவே 'முதல் நகர்வு' என்று தலைப்பிட்ட ஒரு துண்டுத் தாள். ஒரு வார்த்தை விசாரிப்பு இல்லை. அவர் அதை மேஜைமேல் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு பரணில் போட்டிருந்த பலகையை இறக்கித் துடைத்தார். அதற்காக அவரோடு நான் இரண்டு வாரம் பேசவில்லை. இரண்டு வீட்டிலும் போன் இருக்கிறது. குரலைக் கேட்கத் துணிச்சல் இல்லாத அண்ணனும் தம்பியும் பொம்மையை நகர்த்தி நகர்த்திச் சமாதானம் பேசுகிறார்களாக்கும் என்று எனக்கு ஆத்திரம்.

இப்போதோ வியாழக்கிழமை விடிந்தால் போதும், தபால்பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார். கடிதம் வந்தால் பிரித்துக் கையில் வைத்துக்கொள்கிறார். படிக்க வருகிறது, படித்ததைச் செய்ய வருவதில்லை. ஒரு நாள் எல்லாப் பூதங்களையும் பலகையின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தி, "டூட்டி முடிஞ்சுது, வீட்டுக்குப் போகலாம்" என்றார். அந்த முறை பதில் அனுப்பாமல் விட்டுவிட்டேன். எங்கள் பதில் வராததால் உங்கள் கடிதமும் வரவில்லை. மூன்றாவது வியாழன் தபால்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். "என் தம்பி லெட்டரை எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கே?" என்று தெருவே கேட்கும்படி. அந்த மனிதர் நல்லவர், பொறுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் நான் விதிப்புத்தகத்தை எடுத்தேன்.

அறுபத்துநான்கு பக்கம். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், சாப்பாட்டு வேளையில் படித்தேன். விரல் உயரப் பூதத்துக்கு இவ்வளவு சட்டதிட்டமா என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பிடிபட்டது. உடம்பு, கால், கை, ஆயுதம் எல்லாம் தனித்தனி. வேண்டியதைப் பொருத்திக்கொள்ளலாம், ஆனால் மொத்த எடை ஒரு கணக்கைத் தாண்டக் கூடாது. கவசம் தடிமனாக இருந்தால் நடை தள்ளாடும். நீளத் துப்பாக்கி வேண்டுமென்றால் மெலிந்த காலோடுதான் நிற்க வேண்டும். எல்லாம் வேண்டும் என்றால் எதுவும் நகராது. அறுகோணக் கட்டங்களில் எண் போட்டிருப்பதால் எங்கள் பலகையும் உங்கள் பலகையும் ஒன்றுபோலவே நிற்கும். சுடுகிறவர் தன் வீட்டில் இரண்டு பகடையை உருட்டிவிட்டு, விழுந்ததை எழுத வேண்டும். எதிராளி பார்க்க முடியாது. நம்பித்தான் ஆக வேண்டும்.

நான் நன்றாக ஆடினேன். வாரத்தில் ஆறு நாள், மயிரிழை பிசகினாலும் உதவாத வேலையைச் செய்கிறவள் நான். உங்கள் பூதங்களை மூலையில் மடக்கிக் காலை உடைத்தேன். உடைந்த காலைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும் என்பது விதி. உங்கள் பலகையில் நீங்களும் அதைக் கழற்றுவீர்கள் என்று நினைக்க எனக்கு இதமாக இருந்தது. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? உங்களை ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஏழு வருடமாகவே இருந்தது.

அப்போதுதான் மஞ்சள் பூதத்தை நகர்த்தினேன். நம் வீட்டுப் பெண் வாலுவின் எட்டாவது பிறந்தநாளுக்கு நீங்கள் கொடுத்தது. நம் வாலு அதற்கு மஞ்சள் பூசி, முழங்காலிலும் இரண்டு கண் வரைந்து, கீழே பார்த்து நடக்கட்டும் என்றாள். உங்கள் அண்ணன் அதை எப்போதும் படையில் சேர்ப்பார், கடைசி வரிசையில் வைப்பார். எனக்கு அது தெரியாது. வேறு பூதம் பக்கத்தில் இல்லாததால் அதை முன்னால் கொண்டுவந்தேன். ஐந்து கட்டத்துக்குள் நிற்பதைத்தான் முதலில் சுட வேண்டும் என்பது விதி. நீங்கள் சுட்டீர்கள். 'பகடை மூன்று. குறி தவறியது' என்று எழுதினீர்கள்.

அவ்வளவு பக்கத்தில் ஐந்து விழுந்தாலே பட்டுவிடும். சரி, தப்பிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த முறை இன்னும் கிட்டே தள்ளினேன். தவறியது. மூன்றாம் முறை வேண்டுமென்றே உங்கள் தலைமைப் பூதத்தின் முகத்துக்கு நேரே நிறுத்தினேன். தவறியது. அடுத்து மஞ்சள் சுட்டதில் உங்கள் தலைமைப் பூதமே போயிற்று.

அன்று பரணில் ஏறிப் பழைய கடிதங்கள் முழுவதையும் இறக்கினேன். நான் ஆடத் தொடங்குவதற்கு முன்பே பதினோரு தடவை மஞ்சள் பூதம் உங்கள் துப்பாக்கிக்கு முன்னால் அகப்பட்டிருக்கிறது. பதினோரு தடவையும் குறி தவறியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அவருடைய நோட்டில் ஒரே வார்த்தை, 'சரி'. அத்தனை தடவை பகடை பொய்க்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு நான் இறங்கி வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வாலுவைக் காரின் முன் சீட்டில் உட்கார வைக்காதே என்று அன்றும் சொன்னேன். அவள் கெஞ்சியிருப்பாள், தெரியும். அவள் கெஞ்சினால் கல்லும் கரையும். ஆனால் நீங்கள் பெரியவர், கரைந்திருக்கக் கூடாது. மழை, விளக்கில்லாமல் நிறுத்திய லாரி, உங்கள்மேல் குற்றமில்லை என்று போலீஸ் எழுதிய தாள், எல்லாம் எனக்கு மனப்பாடம். முன் சீட்டைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. உங்கள் முகத்தை என் வீட்டு வாசலில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவர் எதையெல்லாம் மறந்திருக்கிறார் என்பதை எழுதவும் தெம்பில்லை.

கேட்பது ஒன்றுதான். கடிதம் மட்டும் நிற்க வேண்டாம். வியாழக்கிழமைகளில் அவருக்கு அது வேண்டும்.

எங்கள் நகர்வு: நீலம், 31லிருந்து 28. மஞ்சளைப் பின்வரிசைக்கு எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் மனைவி



தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. 'நீங்கள்' என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீ என்று கூப்பிட்டவள், அப்படியே எழுதுகிறேன்.

உன் ஐந்து கடிதங்களும் வந்தன. நான் சொன்னபடி வராமல் இருந்தாய். நான் எழுதியதற்கெல்லாம் ஒரு பதிலும் சொல்லாமல் நகர்வை மட்டும் எழுதினாய். அதுவே நல்லது என்றுதான் அப்போது நினைத்தேன்.

இந்தக் கடிதத்தில் நகர்வு கிடையாது. போன வாரம் நான் கடையிலிருந்து வருவதற்குள் எல்லாப் பூதங்களையும் கழற்றி, கை வேறு கால் வேறாகத் தன் பழைய கருவிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது மாடியில் யாரோ மாட்டிக்கொண்டார்களாம், போக வேண்டுமாம். எது எந்தக் கட்டத்தில் நின்றது என்று உன் கடிதங்களை வைத்துத் திரும்ப அடுக்கிவிடலாம். ஆனால் அடுக்கி என்ன ஆகப்போகிறது?

வாலுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே, அதைச் சொல்கிறேன். நீ உட்கார்ந்துகொண்டு படி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மாலை வேலை முடிந்து வந்தால் வீடு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தேடப் போனார், நான் வேறு பக்கம் ஓடினேன். அவளுடைய பள்ளிக்கூடத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மழை. காவல் அம்மா குடை பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவரை அடையாளம் தெரிந்திருக்கிறது. "எல்லாப் பிள்ளைங்களும் போயிட்டாங்கன்னு சொல்லிட்டேம்மா, கேட்க மாட்டேங்கிறார்" என்றாள். அவர் என்னைப் பார்த்ததும், "இவ்வளவு லேட்டா விடறாங்களே, நீ வந்து என்னன்னு கேளு" என்றார்.

வீட்டுக்குக் கூட்டிவந்து தலையைத் துவட்டிவிட்டு உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லிப் பழக வேண்டாம் என்று நினைத்தேன். அவள் இல்லை, ஏழு வருடம் ஆகிறது என்றேன். தம்பி, அன்று நம் வீட்டு வாசலில் அவளைக் கொண்டுவந்து இறக்கியபோது அவர் எப்படி இருந்தாரோ, அதே போல் இருந்தார். கொஞ்சம்கூடக் குறையவில்லை. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். "எனக்கு ஏன் யாருமே சொல்லல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டே, "வாலு எழுந்திட்டாளா? ஸ்கூலுக்கு நேரமாச்சு" என்றார்.

இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அதே அழுகை, அதே கேள்வி. ஒரு மனிதரை எத்தனை தடவை அந்தக் குழியில் தள்ளுவது? அதோடு நிறுத்திவிட்டேன்.

ஆனால் நாலு மணி அடித்தால் கேட்கிறார். பாட்டு வகுப்பு என்றேன், சினேகிதி வீடு என்றேன். எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. யார் கூட்டிவருவார்கள், எப்போது வருவாள் என்று செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்குகிறது, அவர் கதவுத் தாழ்ப்பாளோடு போராடிக்கொண்டிருக்கிறார். என் வாயிலிருந்து தானாக வந்தது, "சித்தப்பா கூட வண்டியில போயிருக்கா."

சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

அவர் தாழ்ப்பாளை விட்டுவிட்டார். முகம் அப்படியே இளகிப்போனது. "சின்னவன் கூடத்தானா? அதை முதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப பயமில்ல" என்றார். நாற்காலியில் போய் உட்கார்ந்து பாலைக் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு நான் அதையேதான் சொல்கிறேன். தினமும் அவர், "அப்ப பயமில்ல" என்கிறார். தினமும் ஒரு தடவை அதைக் கேட்டு நிற்பது எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும். உன்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்று அவளைக் கூப்பிடப் போக வேண்டியவள் நான். கடையில் ஒரு அவசர வேலை வந்தது, நானே உனக்குப் போன் செய்து, நீ போய்க் கூட்டிவா என்றேன். உனக்கு அன்று வேறு வேலை இருந்தது. இருக்கட்டும் அண்ணி, போறேன் என்றாய். உனக்கு அது நினைவிருக்கும். ஏழு வருடத்தில் நீ அதை யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ்காரர் கேட்டபோதுகூட நானாகப் போனேன் என்றுதான் சொன்னாய். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. முன் சீட்டையே பிடித்துக்கொண்டு நான் தொங்கியதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். அதை விட்டால் எனக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

டாக்டரிடம் போனோம். இன்னும் சில மாதத்தில் முகங்கள் போய்விடும் என்றார். முதலில் புது முகங்கள், பிறகு பழையவை. என்னை இப்போதே சில நேரம் "கடைக்காரம்மா" என்று கூப்பிட்டு மூக்குக்கண்ணாடி சரியில்லை என்று புகார் சொல்கிறார். நானும் வாங்கித் துடைத்துக் கொடுக்கிறேன். உன் முகம் மட்டும் இன்னும் இருக்கிறது. சுவரில் இருக்கும் படத்தில் உன்னைச் சரியாகக் காட்டுகிறார். மெலிந்துவிட்டாய், ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்கிறார். சண்டை ஏதும் அவருக்கு நினைவில்லை. உனக்கும் அவருக்கும் நடுவில் எதுவுமே நடக்கவில்லை. அது மன்னிப்பு ஆகாது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் அவரிடம் இப்போது இருப்பது அதுதான். அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

ஆகையால் வந்துவிடு. விட்ட லீவைத் திரும்பக் கேட்டுப் பார். கொடுக்கவில்லை என்றால் அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லு, அது பொய்யில்லையே.

சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு வா. அவர் தப்பாகச் சொன்னால் திருத்தாதே. சாப்பாட்டைச் சின்னச் சின்னதாக வெட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் விக்குகிறது. காலுறையை, கரண்டியை, எதையாவது கையில் கொடுப்பார், வாங்கிக்கொண்டு நன்றி சொல்லு. பின் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். ஜன்னல் கொக்கி சரியில்லை, கயிறு கட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள். அவளுடைய அறையைத் திறக்க வேண்டாம். என்றாவது திறந்தால் நாம் இருவரும் சேர்ந்து திறக்கலாம்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று வந்ததும் கேட்டுவிடாதே. நானும் உன்னிடம் அதைக் கேட்க மாட்டேன். இருவருக்கும் வேறு வேலை நிறைய இருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. மணி சத்தம் கேட்டால் அவர்தான் முந்திக்கொண்டு போய்க் கதவைத் திறப்பார். உன்னைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார், தோளைப் பிடித்துக் குலுக்குவார். பிறகு உன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார், நீ யாரைக் கூட்டிவந்திருக்கிறாய் என்று. அப்போது என்ன சொல்வது என்று பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை. நீயும் தேடித் தவிக்காதே. நான் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பேன்.

நீ அந்த நாளுக்குப் பிறகு வண்டி ஓட்டுவதே இல்லை என்று கேள்விப்பட்டேன். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வரத் தூரம் அதிகம், பாதி வழிக்கு நடைபாதையும் கிடையாது. லாரிகள் வேகமாக வரும் தெரு. ஓரமாக நடந்து, பத்திரமாக வந்து சேர்.

அண்ணி